மறைபொருள் காட்டும் ஒளி

காட்சிக்கு ஒளி இன்றியமையாதது. ஆயினும், ஒளி உள்ள இடமெல்லாம் காட்சியும் உளதாகும் என்று கொள்ளுதல் பொருந்தாது. இருளறையிலே டோர்ச் எனப்படும் மின்சூளை ஏற்றி, அதன் முகத்தை உள்ளங்கையால் மூடிப் பார்க்கும் சிறுவன் இவ்வுண்மையை எளிதில் அறிவான். விரல்கள் செந்நிறமாய் ஒளிர்கின்றன. எனவே விளக்கின் ஒளி ஊனை ஊடறுத்து வெளிவருகின்றது என்பது தெளிவு. எனினும், விரலினுள்ளே கிடக்கும் எலும்பின் வடிவு சிறிதும் தோன்றுவதில்லை. வந்த ஒளி செந்நிறமாயிருத்தல் ஏன்? உருவத்தை அது கொண்டு வராமை ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயன்றதன் பயனாகவே, உடலினுள் மறைந்து கிடக்கும் பொருள்களை ஒளியின் துணைகொண்டு கண்டறியும் துறை தோன்றி வளர்ந்தது.

1895ஆம் ஆண்டில் ரொண்ட்கன் என்னும் செருமானிய அறிஞர் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்த நாள்தொட்டு, உடலினுள் நோக்கும் வழி திறந்ததே. பின்னும் ஒளியை நாடவேண்டியது எதற்கு எனச் சிலர் வினவலாம். எக்ஸ்கதிர் தான் செல்லும் வழியிலுள்ள அணுக்களை அயனாக்கும் இயல்பினது; ஆதலின் அதனை நாள்தோறும் மணிதோறும் ஒருவர்மேற் செலுத்துதல் ஆகாது. அன்றியும், எலும்பையும் தசையையும் வேறுபடுத்திக் காட்டும் அக்கதிர், ஓரிடத்துக் குருதியில் ஒட்சிசன் நிறைந்துளதோ குறைந்துளதோ என்பதைச் சொல்லமாட்டாது. காந்தப்புலத்தின் துணையால் உட்படம் எடுக்கும் பெரும்பொறிகளும் உள. அவை விலைமிக்கன, ஓரிடத்தில் நிலைபெற்றன. குறைமாதத்திற் பிறந்து கண்ணாடிப் பெட்டியினுள் வைத்துக் காக்கப்படும் குழவியை அவற்றிடம் கொண்டு செல்லுதல் எளிதன்று. ஒளியோ, அளவறிந்து செலுத்துமிடத்துத் தீங்கு பயவாதது. சிறு கருவிகளாற் பெறத்தக்கது. குருதியின் நிலையை நிறத்தால் அறிவிப்பது. இந்நலங்களை நோக்கியே அறிஞர் பலர் இதன்பால் உழைத்தனர்.

அகத்துறிஞ்சலும் சிதறலும்

ஒளியை மறைக்கும் முறைகள் இரண்டு. அவற்றை வேறுபடுத்தி உணர்ந்தாலன்றி இப்பொருள் விளங்காது. பாலிடாத வெறுந் தேநீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்து, அடியில் ஒரு நாணயத்தை இட்டால், நாணயம் மங்கலாகத் தோன்றும். ஆயினும் அதன் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். அதே நாணயத்தை நீர் கலந்த பாலில் இட்டால், கிண்ணம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும், நாணயமோ தோன்றாது. தேநீர் ஒளியின் ஒரு பகுதியை உண்டுவிடுகின்றது. எஞ்சியது தன் நேர்வழியிலேயே செல்கின்றது. இஃது அகத்துறிஞ்சல். பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒளியை உண்பதில்லை. அதனைத் திசை திருப்பித் திருப்பி அலைக்கின்றன. இது சிதறல். அகத்துறிஞ்சலால் ஒளி குறையும். சிதறலால் ஒளி கொண்டுவந்த செய்தி குலையும்.

உயிர் இழையம் இவ்விரண்டும் கலந்தது. எனினும் தேநீரின் தன்மையிலும் பாலின் தன்மையே அதனிடம் மிகுதி. கலங்களைச் சூழ்ந்த நீரின் முறிவுச் சுட்டி 1.33 ஆகும். கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் முறிவுச் சுட்டி 1.45ஐ அண்மியது. கலத்தின் கரு, இழைமணிகள், தோலிலுள்ள நார்கள் என்பனவெல்லாம் நீரினின்றும் வேறான முறிவுச் சுட்டி உடையனவாதலின், அவற்றின் எல்லை ஒவ்வொன்றிலும் ஒளி சிறிது வழி மாறுகின்றது. பெரும்பாலான இழையங்களில் ஒளித்துணிக்கையாகிய போட்டன் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றருக்கு ஒருமுறை சிதறலுறும். ஒவ்வொரு சிதறலிலும் திசை சிறிதே மாறுவதால், ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் சென்ற பின்னரே அது தான் புறப்பட்ட திசையை முற்றும் இழக்கும்.

அகத்துறிஞ்சல் நிறத்துக்கு நிறம் வேறுபடும். குருதியிலுள்ள ஈமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் பெரிதும் உறிஞ்சிவிடும். ஏறத்தாழ 950 நனோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளங்களில் நீரின் உறிஞ்சல் ஓங்கும். இவ்விரண்டுக்கும் இடையே, 650 தொடக்கம் 950 நனோமீற்றர் வரையில், செந்நிறமும் அதனை அடுத்துள்ள செந்நிறக் கீழ்க் கதிரும் இழையத்தினுட் பல சதமமீற்றர் தூரம் செல்ல இயலும். இவ்விடைவெளியை அறிஞர் ஒரு சாளரம் என உருவகித்து வழங்குவர். உள்ளங்கை செந்நிறமாய் ஒளிர்வதன் காரணம் இதுவே. சாளரம் திறந்திருப்பினும் அதன் கண்ணாடி பனிபடர்ந்த கண்ணாடி போன்றது என்பதே இடர்ப்பாடு.

அவ்விடர்ப்பாட்டின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இழையத்திற் சிறிதும் சிதறாது நேரே கடந்து செல்லும் போட்டன், பத்து இலட்சம் கோடியில் ஒன்றளவே. எனினும் 1 உவாற்று வலுவுள்ள செவ்வொளி ஒரு செக்கனில் வெளியிடும் போட்டன்கள், 4 என்னும் எண்ணின் பின்னே 18 பூச்சியங்கள் இட்ட தொகையினவாதலின், செக்கனுக்கு நான்கு இலட்சமளவில் நேரே வந்து சேரும். தடிப்பு 1 சதமமீற்றராயின் நிலை முற்றும் வேறு. அப்போது சிதறாது கடப்பது, 1 இன் பின்னே 43 பூச்சியங்கள் இட்ட தொகையில் ஒன்றினும் குறைவு. அவ்விளக்கு இவ்வண்டத்தின் வயதாகிய 1380 கோடி ஆண்டுகளும் இடைவிடாது எரிந்திருப்பினும், ஒரு போட்டன்கூட நேர்வழியில் வந்திருக்குமென எதிர்பார்த்தற்கில்லை. எனவே மில்லிமீற்றர் அளவிலான ஆழத்துக்கு ஒரு வழியும், சதமமீற்றர் அளவிலான ஆழத்துக்கு வேறொரு வழியும் வேண்டப்படுகின்றன.

முற்கால முயற்சிகள்

ஒளியை ஊடுசெலுத்தி நோக்கும் வழக்கம் மின்விளக்குக்கும் முற்பட்டது. இலண்டன் மாநகரின் மருத்துவ அறிஞர் ரிச்சட் பிறைற்று 1831இல் வெளியிட்ட குறிப்புக்களிலே, தலையில் நீர் பெருகிய நோயாளி ஒருவரைப்பற்றிக் கூறியுள்ளார். மெழுகுதிரியை அவர் தலையின் பின்னே பிடித்தபோது மண்டையோடு ஒளியைப் புகவிட்டது. 1929இல் அமெரிக்க மருத்துவர் மாக்சு கற்லர் என்பார், மார்பகத்தின் பின்னே வலிய விளக்கை வைத்து, அதனுள் தோன்றும் நிழல்களை ஆராய்ந்தார். நீர் நிறைந்த பைகள் தெளிவாகவும், திண்ணிய கட்டிகளும் குருதி தேங்கிய இடங்களும் இருளாகவும் தோன்றின. முறை எளிது, ஆனால் நிழலின் விளிம்பு மயங்கியிருந்தது. விளக்கின் வெம்மையும் இடையூறாயிற்று. 1980களில் செந்நிறக் கீழ்க் கதிரும் படக்கருவியும் கொண்டு இம்முறை மீண்டும் எழுந்தது. எக்ஸ்கதிர்ப் படத்தோடு ஒப்புநோக்கியபோது, சிறிய கட்டிகள் பல இதன் கண்ணுக்குத் தப்பிவிட்டமை புலனாயிற்று. புற்றுநோயிற் சிறிய கட்டியைக் காணுதலே உயிரைக் காப்பதாதலின், அம்முறை கைவிடப்பட்டது. வெறுங்கண்ணால் நிழலை நோக்குதல் போதாது, ஒளி நடக்கும் நெறியைக் கணித முறையால் அறிதல் வேண்டும் என்பது இத்தோல்வியாற் பெற்ற பாடமாகும்.

விண்மீனும் ஊனும்

அக்கணிதம் மருத்துவ மனையிலன்றி வானியலிலே பிறந்தது வியப்புக்குரியது. விண்மீனின் உள்ளிருந்து எழும் ஒளியும் அதன் வளிமண்டலத்திற் சிதறிச் சிதறியே வெளிவருகின்றது. 1905இல் ஆதர் சுசுற்றர் மூடுபனி போன்ற வளிமண்டலத்தில் ஒளி செல்லும் நெறியை ஆராய்ந்தார். 1950இல் சுப்பிரமணியன் சந்திரசேகர் இப்பொருள்பற்றி எழுதிய பெருநூல் வெளிவந்தது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கி, 1983இல் நோபல் பரிசு பெற்ற அத்தமிழறிஞர் வகுத்த முறைகள் விண்மீன்களுக்காக எழுந்தவை. இன்று குழவியின் தலையினுட் புகும் ஒளியைக் கணிப்போரும் அதே சமன்பாட்டிலிருந்தே தொடங்குகின்றனர். விண்மீனின் வளியும் மனிதனின் ஊனும் ஒளிக்கு ஒரே வகைத் தடையாய் அமைதலின், அளவுகள் மாறினும் சமன்பாடு மாறவில்லை.

சிதறல் மிகுந்த இடத்தில் அச்சமன்பாடு இன்னும் எளிய வடிவு பெறும். 1905இல் காள் பியர்சன் ஒரு வினாவை வெளியிட்டார்: ஒருவன் ஒவ்வோர் அடிக்கும் எத்திசையிலேனும் திரும்பித் திரும்பி நடப்பானாயின், இறுதியில் எவ்வளவு தூரத்தில் இருப்பான்? 100 அடி நடந்தவன் சராசரி 10 அடித் தூரத்திலும், 10,000 அடி நடந்தவன் 100 அடித் தூரத்திலுமே இருப்பான் என்பது விடை. நீரில் இட்ட மைத்துளி பரவுவதும் இவ்வாறே. இழையத்திற் புகுந்த ஒளியும் மைத்துளிபோலப் பரவுகின்றது. எனவே அது நேர்த்தூரத்தினும் பன்மடங்கு நெடிய வழி நடக்கின்றது. 1988இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த தெல்பியும் அவர் குழுவினரும், எலியின் தலையை ஒளித்துடிப்பு ஒன்று கடக்கும் நேரத்தை அளந்து, ஒளி சென்ற வழி தலையின் அகலத்தினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது எனக் காட்டினர்.

மேலாழத்தைக் காணும் முறை

நேர்வழியில் வரும் போட்டன் முதலில் வந்து சேரும். சுற்றி வருவது பிந்தும். இழையத்தினுள் ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர். 5 சதமமீற்றரை நேரே கடக்க அதற்கு 230 பிக்கோசெக்கன் போதும். ஒரு பிக்கோசெக்கன் என்பது செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. சுற்றி வருவன ஆயிரக்கணக்கான பிக்கோசெக்கன் பிந்தி வரும். ஆகவே முன் வருவதற்கு வாயில் திறந்து, பின் வருவதற்கு அடைக்கும் கதவொன்று இருந்தால் தெளிவான உருவத்தைப் பெறலாம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த துகே என்பவர் 1971ஆம் ஆண்டளவில் இத்தகைய கதவை இலேசர் துடிப்பாலேயே இயக்கி, பால் கலந்த நீரினூடே செல்லும் ஒளித்துடிப்பைப் படம்பிடித்துக் காட்டினார்.

இன்னொரு முறை 1991இல் அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்தில் உருவாயிற்று. ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கூற்றை இழையத்துக்கும் மறு கூற்றைக் கண்ணாடிக்கும் அனுப்புவர். இரண்டும் சம தூரம் சென்று மீண்டால் மட்டுமே அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று தலையிட்டு வரிகளைத் தோற்றுவிக்கும். சுற்றி வந்த ஒளி இச்சோதனையில் தானாகவே ஒதுங்கிவிடும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஆழம்வரை, மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்களவான நுண்மையுடன் இழையத்தின் படைகளை இது காட்டும். விழித்திரையின் படைகளிடையே மறைந்து தேங்கும் நீரைக் கண்மருத்துவர் இன்று காண்பது இதனாலேயே.

பேராழத்தைக் காணும் முறை

சதமமீற்றர் ஆழத்தில் நேர்வழிப் போட்டன் இல்லையாதலின், சிதறிய ஒளியையே சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். 1977இல் அமெரிக்காவின் தியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சு யோப்சிசு, செந்நிறக் கீழ்க் கதிர் மண்டையோட்டினூடே புகுந்து மூளையின் ஒட்சிசன் நிலையை அறிவிக்கும் என்று நிறுவினார். 1980களின் நடுப்பகுதியில் இம்முறை பச்சிளங் குழவிகளிடத்தே கையாளப்பட்டது. ஒளிமூலத்தையும் உணர்கருவியையும் தலையின் ஒரே பக்கத்திற் சில சதமமீற்றர் இடைவெளியில் வைத்தால், ஒன்றிற் புகுந்து மற்றொன்றில் வெளிவரும் ஒளி உள்ளே வளைந்து சென்றிருக்கும். அது செல்லும் பகுதியை அறிஞர் வாழைப்பழ வடிவம் என்றே வழங்குவர். இடைவெளியை மிகுத்தால் அவ்வளைவு இன்னும் ஆழமாக இறங்கும்.

ஒளிமூலங்கள் பலவற்றையும் உணர்கருவிகள் பலவற்றையும் உறுப்பைச் சூழ அமைத்து, ஒவ்வோர் இணைக்கும் ஒளி எவ்வளவு குறைந்தது என அளந்தால், வளைவுகள் பல ஒன்றையொன்று வெட்டும் இடத்தை நோக்கி மறைபொருளின் இருப்பிடத்தைக் கணிக்கலாம். கிணற்றின் சுற்றிலும் நின்று தத்தம் நிழலை ஒப்பிடுவோர் உள்ளிருப்பதை ஊகித்தல் போன்றதே இது. ஆயினும் இங்கு ஒரு பெரும் இடர் உண்டு. பொருள் தெரிந்தால் ஒளியைக் கணித்தல் எளிது. ஒளி தெரிந்து பொருளைக் கணித்தல் அரிது. ஆழத்திலிருக்கும் சிறிய கரும்பொருளும், அதனினும் பெரிய வெளிறிய பொருளும் ஏறத்தாழ ஒரே அளவீட்டைத் தரும். அளவீட்டில் நேரும் சிறு பிழையும் விடையிற் பெரும் பிழையாய் விரியும். இத்தகைய வினாக்களின் இயல்பைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் அதமார் 1902இலேயே எடுத்துக் காட்டினார்.

இடரைக் குறைக்கும் வழிகளும் உள. எரிந்துகொண்டேயிருக்கும் விளக்குக்குப் பதிலாகத் துடிப்பைச் செலுத்தி, ஒளி வந்து சேரும் நேரப் பரம்பலை அளப்பது ஒன்று. சிதறல் மிக்க பொருள் ஒளியைப் பிந்தச் செய்யும். உறிஞ்சல் மிக்க பொருள் நெடுவழி நடந்து பிந்தி வருவனவற்றையே பெரிதும் அழிக்கும். எனவே இரண்டையும் வேறுபிரித்தல் கூடும். இத்தனை செய்தும், சில சதமமீற்றர் ஆழத்தில் ஒரு சதமமீற்றருக்கு அண்மிய அளவினும் நுண்ணியதை இம்முறை தெளிவாகக் காட்டுவது அரிது. ஆதலின் மார்பகப் புற்றுநோய்ச் சோதனையில் எக்ஸ்கதிர்ப் படத்தின் இடத்தை இது பெறவில்லை. கட்டி எங்குள்ளது என்பதை வேறு கருவி காட்ட, அங்குக் குருதி மிகுந்துள்ளதோ, மருந்தினால் அது குறைகின்றதோ என்பதை ஒளி உணர்த்துதலே ஆய்வாளர் பெரிதும் நாடும் பயனாகும்.

ஒளியோடு ஒலியைத் துணைசேர்ப்பது பிறிதொரு வழி. விட்டுவிட்டு வரும் ஞாயிற்றொளி பொருள்மேற் படும்போது ஒலி பிறத்தலை அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1880இற் கண்டார். இலேசர் துடிப்பை இழையத்துட் செலுத்தினால், குருதிக்குழாய் அதனை உறிஞ்சி மிகச் சிறிதளவு வெப்பமுற்று விரியும். அவ்விரிவு கழியொலியாய் வெளிவரும். கழியொலி இழையத்தில் ஒளியைப்போற் சிதறுவதில்லை. மைக்கிரோசெக்கனுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர் வேகத்தில் நேரே வரும். எனவே அது வந்த நேரத்தைக்கொண்டு பிறந்த இடத்தை நுண்மையாகக் கூறலாம். ஒளி எவ்வழியே சென்று சேர்ந்தாலும் கேடில்லை. திரும்பி வரும் செய்தி ஒலியின் நேர்வழியில் வருகின்றது.

சிதறலை வெல்லுதல்

சிதறலை ஒதுக்காது, அதனையே அடக்கியாளும் முயற்சிகளும் எழுந்துள்ளன. சிதறல் குழப்பம்போற் தோன்றினும், இடம் மாறாது நிற்கும் பொருளில் அது விதிக்கு உட்பட்டதே. 2007இல் ஒல்லாந்து நாட்டின் துவென்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெலேகூப், மொசுக் என்போர், இலேசர் ஒளியின் அலைமுகத்தைப் பகுதி பகுதியாய்த் திருத்தியமைத்து, வெண்பூச்சுப் படையொன்றினூடே அதனை ஒரு புள்ளியிற் குவியச் செய்தனர். அப்புள்ளியின் செறிவு ஆயிரம் மடங்கு உயர்ந்தது. உயிருள்ள ஊனிலோ குருதி ஓடிக்கொண்டேயிருத்தலின், திருத்தம் செய்து முடிக்குமுன் வழிகள் மாறிவிடுகின்றன. விரைவே இங்கு வேண்டற்பாலது.

2024இல் அமெரிக்காவின் சிரான்போட் பல்கலைக்கழகத்தார், உணவுக்கு மஞ்சள் நிறமூட்டும் தாத்திரசீன் என்னும் சாயத்தை நீரிற் கரைத்து உயிருள்ள எலியின் தோலிற் பூசினர். தோல் செந்நிற ஒளிக்குத் தெளிவுடையதாகி உள்ளுறுப்புக்களின் அசைவைக் காட்டிற்று. கழுவியபின் பழைய நிலையை அடைந்தது. சாயம் நீலத்தை வன்மையாக உறிஞ்சுவதால் செந்நிறத்துக்கு நீரின் முறிவுச் சுட்டியை உயர்த்துகின்றது. அது கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் சுட்டியை நெருங்கவே சிதறல் குறைகின்றது. உறிஞ்சும் பொருளைச் சேர்த்துத் தெளிவைப் பெறுதல் முரண்போற் தோன்றினும், பௌதிக விதிகளின் நேரிய விளைவே அது.

தோலின் நிறமும் அளவீட்டின் நேர்மையும்

இத்துறையின் கருவிகளுள் உலகம் முழுவதும் பரவியது விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவியாகும். யப்பானைச் சேர்ந்த தக்குவோ ஆயோகி 1974இல் இதன் அடிப்படையைக் கண்டார். செந்நிறத்தை ஒட்சிசனற்ற குருதி மிகுதியாக உறிஞ்சும். செந்நிறக் கீழ்க் கதிரை ஒட்சிசனுற்ற குருதி மிகுதியாக உறிஞ்சும். நாடித் துடிப்போடு ஏறியிறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து அவ்விரண்டையும் ஒப்பிட்டால், எலும்பும் தோலும் விலக, நாடிக் குருதியின் நிலை மட்டும் புலனாகும். 2020இற் பெருந்தொற்று மூண்டபோது இச்சிறு கருவி வீடுகள்தோறும் சென்றது.

அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 தொடக்கம் 96 வரை காட்டிய வேளையில், குருதியையே எடுத்துச் சோதித்தபோது 88இலும் குறைவாயிருந்தோர், வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 ஆகவும் கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 11.7 ஆகவும் காணப்பட்டனர். தோலின் கருநிறப் பொருளாகிய மெலனினும் ஒளியை உறிஞ்சுவது. வெளிறிய தோலினரையே பெரிதும் கொண்டு அளவு திருத்திய கருவி, கருந்தோலினரிடத்தே உள்ளதினும் மேலான எண்ணைக் காட்டுகின்றது. மூச்சுக்குத் திணறும் நோயாளிக்கு உதவி வேண்டும் என்பதை அவ்வெண் மறைத்துவிடும். கருநிறத் தோலினர் பெரும்பான்மையராய் வாழும் நாடுகளுக்கு இது நுணுகிய பௌதிகச் செய்தி மட்டுமன்று, உயிர்பற்றிய செய்தியுமாகும். அக்கருவியின் எண்ணை நோயாளியின் தோற்றத்தோடும் மூச்சின் வேகத்தோடும் சேர்த்தே மதித்தல் வேண்டும். ஐயமெழின் குருதிச் சோதனையை நாடுதல் வேண்டும்.

மெழுகுதிரி முதல் இலேசர் வரையிலான இவ்வரலாற்றை நோக்குமிடத்து, ஒன்று தெளிவாகின்றது. ஊனினுள் மறைந்த பொருளைக் காட்டுவது ஒளி மட்டுமன்று. ஒளி எவ்வழி வந்தது, வழியில் எதனை இழந்தது என்று ஆராயும் கணக்கும் உடன்சேர்ந்தே காட்டுகின்றது. ஆழம் மிகுந்தால் நுண்மை குறையும் என்னும் எல்லையை இன்றுள்ள முறைகள் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்துள்ளன; முற்றும் நீக்கவில்லை. பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவர்க்கு இத்துறையிற் செய்தற்குரிய பணி இன்னும் மிக உண்டு. எல்லா நிறத்து மக்களுக்கும் ஒருபடித்தாய் உண்மை கூறும் கருவியை ஆக்குதல் அப்பணிகளுள் முதன்மையானது.